பழைய புல்லட்டின் கார்புரேட்டரை மீட்டர் வைத்து ட்யூன் செய்த கதை

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக் கரி. காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டரைப் பார்த்தால் 17.2. பிளக் கரி பிடித்திருந்தால் இன்ஜின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது என்று அர்த்தம், 17.2 என்றால் பெட்ரோல் பத்தாமல் காய்கிறது என்று அர்த்தம். ஒரே வண்டி, ஒரே காலை, ஐந்து நிமிட இடைவெளி. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்று புரிய எனக்கு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

வண்டி 1996 மாடல் புல்லட் 350. சித்தப்பா ஓட்டி, அவருக்கு முழங்கால் வலி வந்து கிக்கர் மிதிக்க முடியாமல் போனதும் என்னிடம் வந்தது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின், 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், புதிதில் 18 குதிரை சக்தி. நாலு கியர், கியரும் கிக்கரும் வலது பக்கம். பற்ற வைப்பது பாயிண்ட் செட்டும் கண்டென்சரும். கார்புரேட்டர் மிக்கார்ப் விஎம் 24, அதாவது ஜப்பானின் மிகுனி வடிவமைப்பு, உள்ளூர்த் தயாரிப்பு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறும் வட்டமான ஸ்லைடு, அதில் தொங்கும் ஒரு நீடில், கீழே மெயின் ஜெட் (ஜெட் என்றால் பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு), பக்கத்தில் பைலட் ஜெட், வெளியே ஒரு ஏர் ஸ்க்ரூ. இதைவிட எளிமையான கார்புரேட்டர் கிடையாது. அப்படியிருந்தும் மூன்று மாதம் என்னை ஆட்டி வைத்தது.

கோளாறு இதுதான். சேலத்தில் ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் ஐட்லிங் தானாக ஏறும், தானாக இறங்கும், சில நேரம் அப்படியே அணைந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். மைலேஜ் 35-லிருந்து 26-க்கு வந்துவிட்டது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் பிளக்கைப் பார்த்துவிட்டு, "ரிச்சா ஓடுது தம்பி, பெட்ரோலக் கொற" என்றார். கூட வேலை பார்க்கும் நண்பன், "இப்ப வர்ற பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால், லீனாத்தான் ஓடும், பெரிய ஜெட் போடு" என்றான். ரிச் என்றால் பெட்ரோல் அதிகம், லீன் என்றால் பெட்ரோல் குறைவு. இரண்டு பேரும் விவரம் தெரிந்தவர்கள். இரண்டு பேரும் நேர் எதிராகச் சொல்கிறார்கள். சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கினேன். விலை இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. வீட்டில் நான் சொன்ன விலை அது இல்லை.

மீட்டருடன் வந்த சென்சார் பாஷ் எல்எஸ்யூ 4.9. இப்போது கார்களில் பரவலாக இருக்கும் அதே அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார்தான். அதை மாட்ட, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் பெண்டு பைப்பில் ஓட்டை போட்டு, 18 மி.மீ. மரை விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் உள்ள ஒரு நட்டை வெல்டிங் செய்ய வேண்டும். இடத்தை யோசித்துத்தான் முடிவு செய்யணும். இன்ஜினுக்கு மிக அருகில் வைத்தால் சென்சார் வெந்துவிடும், தள்ளி சைலன்சர் பக்கம் வைத்தால் வெளிக்காற்று கலந்துவிடும். பைப்பின் அடிப்பக்கம் வைத்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே சேரும் தண்ணீர் சென்சாரில் தேங்கி, சூடேறும்போது உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடும். அதனால் கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் எங்காவது நிமிர்ந்து நிற்க வேண்டும். இன்ஜின் தலையிலிருந்து ஏறத்தாழ ஒரு அடி தள்ளி, என் கெண்டைக்காலில் இடிக்காத ஒரு கோணத்தில் லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். சுற்றி இருந்த குரோம் நீலமாகிவிட்டது. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்தது கரண்ட். சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது சூடானால்தான் சென்சார் வேலை செய்யும், அதற்கு ஓர் ஆம்பியருக்கு மேல் வேண்டும், ஆரம்பத்தில் இன்னும் அதிகம். ஐட்லிங்கில் ஹெட்லைட் போட்டாலே ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும் வண்டி இது. பாயிண்டுக்குப் போகிற வோல்டேஜைக் குறைத்துவிட்டு ட்யூனிங் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அதனால் பழைய யுபிஎஸ்ஸில் கிடந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியை பக்கவாட்டுப் பையில் வைத்து மீட்டருக்குத் தனியாகக் கொடுத்தேன். ஒரு காலை முழுக்கத் தாங்குகிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம்: சென்சார் பைப்பில் இருக்கும்போது ஹீட்டர் கரண்ட் இல்லாமல் வண்டியை ஓட்டக் கூடாது, கரி படிந்து போய்விடும். மீட்டர் வேண்டாத நாளில் சென்சாரைக் கழற்றிவிட்டு போல்ட் மாட்டிவிட வேண்டும்.

மீட்டர் காட்டும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எத்தனால் பெட்ரோலில் இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டால் 13.5 சொச்சம் வருகிறது. அப்படியானால் மீட்டரில் 13.5 வந்தால்தான் சரி என்று அர்த்தமா? இல்லை. சென்சாருக்குப் பெட்ரோலும் தெரியாது, எத்தனாலும் தெரியாது. எரிந்த புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா, பற்றாக்குறையா, எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதை வைத்து 1 என்றால் சரிசமம், அதற்கு மேல் லீன், கீழே ரிச் என்று லாம்டா கணக்கில் ஓர் எண் எடுத்து, அதை 14.7-ஆல் பெருக்கி நமக்குக் காட்டுகிறது. எந்த எரிபொருள் ஊற்றினாலும் திரையில் 14.7 என்பது சரிசமம்தான். நாமாக எதையும் மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். காற்றில் குளிரும் பழைய இன்ஜினுக்கு நான் வைத்துக்கொண்ட இலக்கு: ஐட்லிங்கில் 13.5-ஐ ஒட்டி, சாதாரண ஓட்டத்தில் 13.5-லிருந்து 14-க்குள், முழு ஆக்சிலேட்டரில் 12.5 பக்கம்.

ஆக்சிலேட்டர் பிடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டேன், அசையாத பக்கத்தில் ஒரே ஒரு கோடு. கார்புரேட்டரில் ஒவ்வொரு திறப்புக்கும் ஒவ்வொரு பாகம் பொறுப்பு என்பதால் இந்தக் கோடுகள் இல்லாமல் மீட்டரால் பிரயோஜனம் இல்லை. செல்போனை டேங்க் பையில் குத்தவைத்து, மீட்டரும் பிடியும் ஸ்பீடோமீட்டரும் ஒரே வீடியோவில் வருகிற மாதிரி அமைத்தேன். ஓட்டும்போது ரோட்டை மட்டும் பார்ப்பது, வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்து நோட்டில் எழுதுவது. முதல் நாள் இது இல்லாமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போய் ஒரு வேகத்தடையில் பறந்தேன்.

பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு முதல் நாள் நோட்டில் எழுதியது இப்படி இருந்தது. ஐட்லிங் 17.2, ஆனால் 16-க்கும் 18.5-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. அரை ஆக்சிலேட்டர் 11.4. மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டர் 14.1. எனக்கு அந்த 17.2-உம் 14.1-உம்தான் கண்ணில் பட்டன. நண்பன் சொன்னது சரி, எத்தனால்தான், லீன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நடுவில் இருந்த 11.4-ஐ ஏதோ கோளாறான அளவு என்று ஒதுக்கினேன். மூன்று எண்ணில் அதுதான் நேர்மையாகப் பேசியது, அதைத்தான் ஒதுக்கினேன்.

உள்ளே இருந்த மெயின் ஜெட்டின் எண் 90, எண் ஏற ஏற ஓட்டை பெரிது. கழற்றி 95 போட்டேன். முழு ஆக்சிலேட்டரில் 13.4. அடுத்த வாரம் 100 போட்டேன், 12.7. கணக்குப் போட்ட மாதிரியே இறங்கியதில் எனக்கு ஒரே பெருமை. ஆனால் ஊருக்குள் ஓட்டினால் ஒரு மாற்றமும் இல்லை. ஐட்லிங் அதே 17, அதே பட் பட், மைலேஜ் இன்னும் ஒரு கிலோமீட்டர் குறைந்தது. ஏன் என்று இப்போது சொல்வது சுலபம். மெயின் ஜெட் கட்டுப்படுத்துவது முக்கால் திறப்புக்கு மேலேதான். ஐந்து ரோட்டில் யார் முக்கால் ஆக்சிலேட்டர் கொடுக்கிறார்கள்? நான் ஒரு மாதம் மாற்றிக்கொண்டிருந்தது வண்டி நூற்றில் ஐந்து நேரம்கூடப் பயன்படுத்தாத ஒரு பாகத்தை.

இதற்கு நடுவில் ஜெட் வாங்குவதிலேயே ஒரு கூத்து. 100 என்று அச்சடித்த ஜெட் இரண்டு வாங்கியிருந்தேன், வேறு வேறு கடை. ஒன்றில் 12.7, மற்றதில் 11.9. எண்தான் ஒன்று, ஓட்டை வேறு. நகல் ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணை நம்பி ட்யூன் செய்பவர்கள் மீட்டர் இல்லாமல் என்னதான் செய்வார்கள் என்று யோசித்தேன். வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

சோர்ந்துபோய் வண்டியை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மீட்டரை ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். "இந்தக் கரியப் பாத்துட்டுமா பெரிய ஜெட் போட்ட?" அப்புறம் வண்டியை ஐட்லிங்கில் விட்டு, ஒரு ஈரத் துணியைச் சுருட்டி சைலன்சர் வாயை அரைவாசி அடைத்தார். இன்ஜின் தலைக்கும் பெண்டு பைப்புக்கும் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். புஸ்ஸென்று நுரை கிளம்பியது. இந்த இன்ஜினில் பைப் தலைக்குள் சும்மா சொருகித்தான் நிற்கும், அதைத் தாங்குவது கீழே இருக்கும் பிராக்கெட். முப்பது வருட அதிர்வில் அந்த இடம் தளர்ந்து போயிருந்தது.

அங்கே ஒழுகினால் புகை வெளியே வருவது மட்டும் நடப்பதில்லை. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் புகையை ஒரே சீராக விடாது, ஒரு தள்ளு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு தள்ளு. அந்த இடைவெளியில் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும், அப்போது சந்து வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் நேராகப் போய் சென்சாரில் உட்காரும். சென்சார் பாவம், இன்ஜின் லீனாக ஓடுகிறது என்று சொல்லும். மெதுவாக ஓடும்போது இடைவெளி நீளம் என்பதால் பொய்யும் பெரிது, வேகம் ஏறும்போது பொய் சுருங்கிவிடும். ஐட்லிங்கில் மட்டும் பயங்கர லீன், ரேஸ் கொடுத்தால் சரியாகிறது என்று மீட்டர் காட்டினால் ஜெட்டைத் தொடாதீர்கள், முதலில் பைப்பைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை விடும்போது கேட்ட வெடிச் சத்தத்தில் பாதியும் இதுதான். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவிக்கு பைப்புக்குள் புதுக் காற்று கிடைக்கிறது, வெடிக்கிறது.

அண்ணன் ஒரு குளிர்பான டின்னைக் கத்தரித்து, பட்டையாக்கி, பைப்பின் வாயில் ஒரு சுற்று சுற்றி, சூடு தாங்கும் பேஸ்ட் தடவி உள்ளே அடித்து இறக்கினார். ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள் பார்த்தால் ஐட்லிங் 15.3. ஜெட் எதையும் தொடாமலே இரண்டு புள்ளி இறங்கிவிட்டது. முழு ஆக்சிலேட்டர் 12.5, அரை ஆக்சிலேட்டர் 10.9. மூன்று ஞாயிறு நான் துரத்திய ஐட்லிங் லீனில் பாதி இல்லாத ஒன்று.

இன்னொரு பொய்யும் இருந்தது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வீடியோவில் எண் திடீரென்று 18, 19 என்று குதித்து உடனே திரும்பிவிடும். காது கூர்ந்து கேட்டால் அதே நொடியில் இலேசாக ஒரு மிஸ்ஸிங். ஸ்பார்க் ஒரு தடவை தவறினால் பெட்ரோலும் எரியாது, காற்றும் எரியாது, இரண்டும் அப்படியே பைப்புக்கு வரும். சென்சார் அந்தக் காற்றின் ஆக்சிஜனைத்தான் எண்ணுகிறது. ஆக, மிஸ்ஸிங் எப்போதும் லீனாகத்தான் தெரியும், பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்து வந்த மிஸ்ஸிங்காக இருந்தாலும்கூட. பாயிண்டைத் திறந்து பார்த்தேன், ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் புதிதாகப் போட்டு, இடைவெளியை ஃபீலர் கேஜில் 0.38 மி.மீ. வைத்து, டைமிங் பார்த்தேன். குதிப்பு நின்றது.

இதன்பிறகுதான் உண்மையான கார்புரேட்டர் வேலை தொடங்கியது. கழற்றி மேஜையில் பிரித்தேன். இன்ஜினோடு சேரும் ஃப்ளாஞ்சைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடுகிறது. இரண்டு நட்டையும் யாரோ பலம் காட்டி முறுக்கி, நடுவில் வளைந்திருக்கிறது. கண்ணாடியில் எமரி ஷீட்டை ஒட்டி, எட்டு போடுகிற மாதிரி தேய்த்துச் சமமாக்கினேன். புது பேக்கிங், புது ஓ-ரிங், நட்டை மிதமாக மட்டும் முறுக்கினேன். மிதவைக் கிண்ணத்தின் ரப்பர் பேக்கிங்கை எடுத்தவுடன் அது ஊறிப் பெரிதாகி மறுபடி பள்ளத்தில் உட்காரவில்லை. பதற வேண்டாம், வெயிலில் அரை நாள் போட்டால் சுருங்கி வந்துவிடும்.

இப்போது அந்த 10.9. நீடிலை எடுத்துப் பார்த்தால் அதைத் தொங்கவிடும் கிளிப் ஐந்து வெட்டில் மேலிருந்து நாலாவதில் இருந்தது, அதாவது நீடில் நடு நிலையைவிட ஒரு படி தூக்கலாக. நீடிலின் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்த கோடு. அது போய் இறங்கும் நீடில் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வட்டமாக இல்லை, இலேசாக முட்டை வடிவம். ஒவ்வொரு அதிர்விலும் எஃகு நீடில் பித்தளையை உரசி உரசி அகலப்படுத்திவிட்டது. கால் திறப்பிலிருந்து முக்கால் திறப்பு வரை, அதாவது நாம் வண்டி ஓட்டுகிற நேரமெல்லாம், பெட்ரோல் அளவை முடிவு செய்வது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய வளைய இடைவெளிதான். அது அகன்றால் ரிச். பிளக்கின் கரியும் போன மைலேஜும் இங்கேதான் இருந்தன. அண்ணன் சொன்னது சரி.

நண்பன் சொன்னதும் சரி. புது நீடிலும் நீடில் ஜெட்டும் போட்டு, கிளிப்பை நடுவில், மூன்றாவது வெட்டில் வைத்து ஓட்டினால் அரை ஆக்சிலேட்டரில் 14.8. வண்டி இழுவையில்லாமல் சோகையாகப் போனது. தேய்மானம் இருந்தவரை அதுவே எத்தனாலுக்கு ஈடு கட்டி, அதற்கு மேலும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தேய்மானத்தை எடுத்ததும் எத்தனாலின் லீன் வெளியே வந்துவிட்டது. கிளிப்பை நாலாவது வெட்டுக்கு இறக்கினேன், நீடில் ஒரு படி உயர்ந்தது, 13.7. பெல்ட் மாற்றிய மாவு மில் மாதிரி இழுத்தது வண்டி.

முழு ஆக்சிலேட்டரில் அந்த 90 ஜெட்டுக்கு வந்த 14.1-உம் நிஜமான லீன்தான். எத்தனால் கலந்ததால் ஏழெட்டு சதவீதம் கூடுதலாக எரிபொருள் போக வேண்டும், ஜெட்டின் ஓட்டை அதே அளவுதானே. 95-ம் போதும், ஆனால் வார்ப்பிரும்பு சிலிண்டர், சேலத்து மே மாதம், நான் 12.5 காட்டும் 100-ஐயே விட்டுவிட்டேன். முழு ஆக்சிலேட்டரில் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் உள்ளிருந்து குளிர வைக்கும். எப்போதாவது ஓமலூர் ரோட்டில் முறுக்கும்போது மட்டும்தான் அதற்குச் செலவு.

கடைசியாக, ஐட்லிங்கைப் பார்த்துக்கொள்ளும் பைலட். இதில் மீட்டரைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் ஐட்லிங்கில் சைலன்சர் வாயிலிருந்தே கொஞ்சம் காற்று பின்னோக்கி வரும், ஒழுகல் இல்லாவிட்டாலும் எண் ஆடும். விஎம் 24-ல் இருப்பது ஏர் ஸ்க்ரூ. உள்ளே முறுக்கினால் காற்று குறையும், ரிச்சாகும். இன்ஜின் பக்கம் பெட்ரோல் ஸ்க்ரூ வைத்த கார்புரேட்டர்களில் இது நேர் தலைகீழ், வீடியோ பார்த்து ட்யூன் செய்கிறவர்கள் கவனம். முழுதாக மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கினேன். மெல்ல மெல்லத் திருப்பி, ஐட்லிங் எங்கே அதிகபட்சம் ஏறுகிறது என்று தேட, அரைச் சுற்றில் வந்தது. ஒரு சுற்றுக்கும் குறைவில் சரியாகிறது என்றால் ஜெட் சின்னது, காற்றை இறுக்கி ஈடு கட்டுகிறோம். பைலட் ஜெட்டை 25-லிருந்து 27.5 ஆக்கினேன். இப்போது ஒன்றே முக்கால் சுற்றில் நல்ல ஐட்லிங், மீட்டர் 13.4 சுற்றி ஆடுகிறது. ஐந்து ரோடு சிக்னலில் டுக் டுக் டுக் என்று நின்று காட்டியது. ஆக்சிலேட்டரை விட்டால் வெடிச் சத்தம் இல்லை, எப்போதாவது ஒரு முனகல்.

எல்லாம் முடிந்ததும் ஏற்காடு போனேன், மீட்டரோடு. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் அரை ஆக்சிலேட்டருக்கு 13.6. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால் அதே கோட்டில் 12.8. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்று மெலிந்துவிடுகிறது, ஜெட்டுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு ஊற்றுகிறது. ஊசி வளைவு எட்டு, ஒன்பது பக்கம் எண் இறங்கத் தொடங்கியது வீடியோவில் அழகாகப் பதிவாகியிருக்கிறது. மலையில் குடியிருப்பவர்கள் நான் சொன்ன ஜெட் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே இருப்பவர்களும்தான், உங்கள் நீடில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்.

சென்சாரைக் கழற்றி போல்ட் மாட்டியாகிவிட்டது. மைலேஜ் மூன்று டேங்க் சராசரி 33. அண்ணன், "அந்த மீட்டர எடுத்துட்டு வா, ஒரு ஆர்எக்ஸ் 100 வந்திருக்கு, அதுக்கும் பாத்துருவோம்" என்று கூப்பிட்டார். மாட்டேன் என்றேன். டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த ஆயில் சென்சாரை மெல்லக் கொன்றுவிடும், அதோடு அந்த இன்ஜினில் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே நேராக சைலன்சருக்குப் போகும், அந்த ஆக்சிஜனையும் சேர்த்து மீட்டர் பொய் எண்ணைத்தான் சொல்லும். "அப்ப அதுக்கு என் காதே போதும்னு சொல்லு" என்றார். போதும்தான் அண்ணே.

பாக்கி ஒன்று இருக்கிறது. ஐட்லிங்கிலிருந்து கிளம்பும்போது, கால் கோட்டுக்கு வருவதற்கு முன்னால், ஒரு நொடி 15.5-க்கு ஏறி இறங்குகிறது, வண்டி ஒரு மூச்சு தடுமாறுகிறது. ஸ்லைடை விரலால் தொட்டால் உள்ளே டக டக என்று ஆடுகிறது, அந்தச் சந்தில் காற்று போகிறது. பழைய ஸ்லைடில் பொறித்திருக்கும் அதே வெட்டு எண்ணில் (ஸ்லைடின் அடியில் இருக்கும் சரிவான வெட்டின் அளவு) நல்ல ஸ்லைடு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்த இரண்டில் ஒன்று இறுக்கம், ஒன்று பழையதைவிட லூஸ்.